வண்டி கழுவுறப்போ அழுக்கு போகணும், கிரீஸ் போகக்கூடாது

சென்னைல கடலோரம் இருக்கிற திருவான்மியூர் பக்கம் பைக் வச்சிருக்கவங்களுக்கு உப்பு ரெண்டு வழியா வருது. ஒண்ணு கடல் காத்துல, இன்னொண்ணு போர்வெல் தண்ணில. கடல் காத்து பட்டு சைலன்ஸர் போல்ட்டு, ஸ்போக்ஸு, கிக்கர் அடிப்பக்கம் எல்லாம் சீக்கிரம் துரு புடிக்குதுன்னு அடிக்கடி கழுவுறோம், ஆனா கழுவுற தண்ணிலயே உப்பு இருந்தா, வெயில்ல காஞ்சதும் டேங்க் மேல வெள்ளை வெள்ளையா திட்டு நிக்கும், அப்புறம் அத எடுக்கறதே தனி வேலை. இதுல நான் நிறைய வீடுங்கள்ல பாக்குறது, ஆர்ஓ மெஷின்லேருந்து வெளிய போற வேஸ்ட் தண்ணிய பக்கெட்ல புடிச்சு வச்சு அதுல வண்டி கழுவுறாங்க. தண்ணிய வீணாக்கக் கூடாதுங்கிற எண்ணம் ரொம்ப நல்ல எண்ணம், ஆனா அந்தத் தண்ணில உப்பு குழாய் தண்ணிய விட அதிகமா தான் இருக்கும், அத வாசல் கழுவ வச்சுக்கங்க. வண்டிக்கு மெட்ரோ தண்ணி, இல்ல மொட்டை மாடில புடிச்ச மழைத்தண்ணி, ரெண்டு பக்கெட் இருந்தா போதும்.

ரெண்டு பக்கெட்னு சொன்னதுக்கு காரணம் இருக்கு. ஒண்ணுல ஷாம்பூ தண்ணி, இன்னொண்ணுல வெறும் தண்ணி, துணிய ஷாம்பூல நனைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணில அலசிடணும். டேங்க்ல விழுற மெல்லிசான வட்டக் கோடு எல்லாம் மண்ணு ஒட்டின துணியால தேய்க்கிறதால தான் வருது. அதனால தேய்க்கிறதுக்கு முன்னாடியே மேலேருந்து கப்ல தண்ணி ஊத்தி மண்ண ஊற வச்சு இறக்கிடணும். மட்கார்டு உள்பக்கம் கடைசியா, அதுக்குத் தனி துணி, தனி பிரஷ்.

ஷாம்பூனு நான் சொல்றது வண்டிக்குன்னே விக்கிற கார் ஷாம்பூ, பைக் ஷாம்பூ. சர்ஃப் பவுடரும் பாத்திரம் கழுவுற லிக்விடும் எண்ணெய்ப் பிசுக்க எடுக்குறதுக்குன்னு செஞ்சது, பெயிண்ட் மேல இருக்கிற வேக்ஸ் லேயரையும் சேத்து எடுத்துடும், திரும்பத் திரும்ப போட்டா பெயிண்ட் பொலிவு போயிடும், பிளாஸ்டிக் பார்ட்ஸ் வெளுத்துப் போயிடும். ஒரு பாட்டில் கார் ஷாம்பூ வாங்கினா பக்கெட்டுக்கு ஒரு மூடி ரெண்டு மூடி தான் செலவாகும், மாசக்கணக்கா வரும். மேட் ஃபினிஷ் வண்டின்னா ஷாம்பூவோட நிறுத்திக்கங்க, பாலிஷ் போட்டா அங்கங்க பளபளன்னு திட்டாகி அந்த மேட் லுக்கே கெட்டுடும்.

ஓட்டிட்டு வந்த சூட்டோட தண்ணி ஊத்தாதீங்க. இன்ஜினும் சைலன்ஸரும் கை வைக்கிற அளவுக்கு ஆறட்டும், அரை மணி நேரம் ஆனாலும் பரவால்ல. பிரேக் டிஸ்க்கும் அப்படி தான். வெயில்ல நிறுத்தியும் கழுவக்கூடாது, ஷாம்பூ அலசுறதுக்குள்ள காஞ்சு கறையா நிக்கும்.

இப்ப முக்கியமான விஷயம், வாட்டர் வாஷ் கடை. நம்ம டயர்ல அடிக்கிற காத்து சுமார் ரெண்டு பார் பிரஷர் தான், ஆனா வீட்டுக்குன்னு விக்கிற சின்ன பிரஷர் வாஷரே 100 பார் பக்கம் தள்ளும். அந்த வேகத்துல தண்ணிய பக்கத்துல வச்சு வீல் நடுவுல அடிச்சா பேரிங் ஓரத்துல இருக்கிற ரப்பர் சீல தாண்டி உள்ள போகும், உள்ள போன தண்ணி கிரீஸோட கலந்து அத கெடுக்கும், அப்புறம் துரு புடிச்சு கொஞ்ச நாள்ல வீல்லேருந்து கொர்ர்னு சத்தம் கேக்கும். ஹேண்டில்பாருக்குக் கீழ இருக்கிற கோன் செட், பின் வீல தாங்குற ஸ்விங் ஆர்மோட மூட்டு எல்லாத்துக்கும் இதே கதி தான். எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் எல்லார்கிட்டயும் சொல்றது, "தம்பி, டயர்ல எவ்ளோ வேணா அடி, வீல் நடு செண்டர்ல மட்டும் அடிக்காத". நான் அதோட ரேடியேட்டரையும் சேத்துக்குவேன், அந்த மெல்லிசு தகடெல்லாம் பிரஷருக்கு மடங்கிடும். 2020 ஏப்ரல்லேருந்து வர்ற பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டில சின்ன 100 சிசி வண்டி வரைக்கும் சென்சரும் வயர் கனெக்டரும் நிறைய இருக்கு, சீட்டுக்கு அடில, சுவிட்ச் பக்கம், மீட்டர் பக்கம் எல்லாம் ஈரத்துணி வச்சு துடைச்சாலே போதும். சாவி ஓட்டைக்கு ஒரு டேப், சைலன்ஸர் வாய்க்கு ஒரு பிளாஸ்டிக் கவர் கட்டிடுங்க, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மறக்காம கவர எடுத்துடுங்க.

சில கடைல கடைசியா டீசல் ஸ்ப்ரே அடிச்சு குடுப்பாங்க, இன்ஜின் புதுசு மாதிரி மின்னும். வேணாம்னு தெளிவா சொல்லிடுங்க. ரப்பர் ஹோஸ், புஷ் எல்லாம் டீசல் பட்டா ஊதி கெட்டுப் போகும், போற வழில இருக்கிற தூசி எல்லாம் அதுல வந்து ஒட்டும், டிஸ்க்ல பட்டா பிரேக்கே புடிக்காது.

செயின் தான் நான் ரொம்ப நேரம் செலவு பண்ற இடம். முதல்ல சேஃப்டி, இன்ஜின் ஆஃப், சாவி கைல, வண்டி நியூட்ரல்ல, சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டின்னா பின் வீல தூக்கி நிறுத்துற பேடாக் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி வீல கையால தான் சுத்தணும். சீக்கிரம் முடியும்னு இன்ஜின ஆன் பண்ணி கியர்ல போட்டு ஓடுற செயின்ல துணிய வைக்கிறாங்க, துணி ஸ்பிராக்கெட்ல (செயின் ஓடுற பல் சக்கரம்) மாட்டினா விரலும் கூடவே போகும், தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க. ஓபன் செயின் வண்டி நிறையதுல இப்ப ஓ ரிங் செயின் தான். ரெண்டு தகடுக்கு நடுவுல உத்துப் பாத்தா மெல்லிசா கறுப்பு ரப்பர் வளையம் தெரியும், கம்பெனில வச்ச கிரீஸ உள்ளயே அடைச்சு வைக்கிறது அது தான். பெட்ரோல், தின்னர் போட்டாலோ கம்பி பிரஷ் வச்சு தேய்ச்சாலோ அந்த வளையம் போச்சு, வளையம் போனா கிரீஸ் போச்சு, அப்புறம் மேல எவ்ளோ லூப் (செயினுக்கு அடிக்கிற லூப்ரிகண்ட் ஸ்ப்ரே) அடிச்சாலும் செயின் பின்னுக்குள்ள சேராது. அதனால செயின் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு, சாஃப்ட் நைலான் பிரஷ்ஷால நாலு பக்கமும் தேய்ச்சா கீழ விரிச்ச பேப்பர்ல கறுப்பு மசியா கொட்டும், பனியன் வேஸ்ட்ல துடைச்சு நல்லா காய விட்டு, செயினோட உள்பக்கமா லூப் அடிக்கணும், அடிக்கிறப்போ பின்னாடி ஒரு அட்டைய புடிச்சுக்கங்க, டயர்லயும் டிஸ்க்லயும் ஒரு சொட்டு கூட படக்கூடாது. கொஞ்ச நேரம் ஊற விட்டு மேல வழியிறத துடைச்சிடுங்க. டபிள்யூடி 40 ஸ்ப்ரே ஈரத்த விரட்டும், ஆனா செயினுக்கு அது லூப் ஆகாது.

கழுவி முடிச்சதும் தண்ணி தானா காயட்டும்னு விடாம மைக்ரோஃபைபர் துணியால துடைச்சிடுங்க, நம்ம ஊர் தண்ணிக்கு இது கட்டாயம். அப்புறம் இன்ஜின ஆன் பண்ணி கொஞ்ச நேரம் ஓட விட்டா இடுக்குல இருக்கிற ஈரம் காயும். முதல் தெரு தாண்டுற வரைக்கும் மெதுவா போய் ரெண்டு பிரேக்கையும் லேசா விட்டு விட்டு புடிங்க, ஈர டிஸ்க்கும் தண்ணி போன டிரம்மும் முதல் சில தடவை சரியா புடிக்காது, சிக்னல்ல போய் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இல்ல அது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வாட்டர் வாஷ் கடைல நிக்கிற கூட்டத்துல யாரும் நிதானமா கழுவித் தர மாட்டாங்க, அதனால அந்த வாரம் ரெண்டு மூணு நாள் முன்னாடியே வீட்ல கழுவிடுங்க. பூஜை முடிஞ்சு மறுநாள் ஹெட்லைட்லயும் டேங்க்லயும் வச்ச சந்தனம் குங்குமத்த காஞ்ச துணியால தேய்க்காம தண்ணி விட்டு ஊற வச்சு எடுங்க, எலுமிச்சை சாறு அலாய் வீல்ல தெறிச்சிருந்தா அன்னிக்கே அலசி விட்டுடுங்க.