தோசைக்கரண்டியும் ஸ்னோபோர்டும்: குல்மார்க்கில் ஐந்து நாள்

எனக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கம். மார்கழி விடியலில் மாட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்து சொட்டுமே, அதுதான் எனக்குத் தெரிந்த பனி. முப்பத்தேழு வயதில், இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு பனிச்சரிவில் இறங்கப் போகிறேன் என்றதும் அம்மா போனில் கேட்டது ஒன்றுதான்: "டெல்லியில உனக்கு வேற வேலையே இல்லையாடி?"

வேலை இருந்தது. அக்கா மகன்தான் இழுத்துவிட்டான். இன்டர்ன்ஷிப்புக்காக வந்து எங்கள் மயூர் விஹார் வீட்டில் தங்கியிருந்தவன், தினமும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் செல்போனைச் சாய்த்து வைத்து ஸ்னோபோர்டு வீடியோ ஓட்டுவான். நானோ ஒரு காலத்தில் ஓல்டு ராஜிந்தர் நகரில் அறை எடுத்துத் தங்கி மூன்று முறை ஐ.ஏ.எஸ். பிரிலிம்ஸ் எழுதியவள். எதைத் தொட்டாலும் சிலபஸ் என்ன, எதில் மார்க் அதிகம் என்று பார்க்கும் புத்தி இன்னும் போகவில்லை. ஸ்னோபோர்டிங்கையும் அப்படித்தான் படித்தேன். போய் வந்த பிறகு தெரிந்தவர்கள் ஆளாளுக்குக் கேட்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. சனி, ஞாயிறு போய்விட்டு வந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து காலுக்கு ஒரு பலகை கட்டும் ஸ்கீயிங் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கீயில் முதல் நாளே ஏதோ ஓரளவுக்கு நகர முடியும். ஸ்னோபோர்டில் முதல் இரண்டு நாளும் விழுவதிலேயே போகும். மூன்றாம், நான்காம் நாளில்தான் சட்டென்று பிடிபடும். இரண்டு நாளில் திரும்பினால் வலியை மட்டும் காசு கொடுத்து வாங்கி வந்த மாதிரி. நாலு நாளாவது வேண்டும், ஐந்து இருந்தால் நல்லது.

எங்கே, எப்போது என்பது அடுத்த கேள்வி. சான்றிதழோடு முறையாகப் படிக்க வேண்டுமென்றால் காஷ்மீரின் குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய ஸ்கீயிங் மற்றும் மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரிலான மலையேற்ற நிறுவனம், உத்தராகண்டின் ஔலியில் கட்வால் மண்டல் விகாஸ் நிகாம் இவர்களும் குளிர்காலத்தில் ஸ்கீ வகுப்பு நடத்துவதுண்டு. ஆனால் இங்கெல்லாம் முதல் இடம் ஸ்கீயிங்குக்குத்தான். அந்த வருஷம் ஸ்னோபோர்டு வகுப்பு இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொண்ட பிறகே டிக்கெட் போடுங்கள். எனக்கு லீவு குறைவு என்பதால் குல்மார்க்கிலேயே ஒரு பயிற்சியாளரை ஐந்து நாளுக்கு அமர்த்திக்கொண்டேன். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் ஹோட்டலில் குறையுங்கள், பயிற்சியாளரில் கை வைக்காதீர்கள்.

டிசம்பருக்கு முன்பதிவு செய்யாதீர்கள் என்பது என் கட்சி. காஷ்மீரில் டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாளைச் சில்லை கலான் என்பார்கள், கடுங்குளிர்க் காலம். அதிலும் பனி ஏமாற்றும் வருஷங்கள் உண்டு. 2024 ஜனவரியில் பெரும்பாலான நாட்கள் குல்மார்க் வறண்டுதான் கிடந்தது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதியையே மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். பிப்ரவரியை வைத்துக்கொண்டு, கடைசி வாரம் வரை வானிலையைப் பார்த்துக்கொண்டிருப்பதே மேல். ஜனவரியில் இன்னொரு தொல்லை டெல்லி மூடுபனி. காலை விமானம் எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது, நண்பகல் விமானமாகப் பாருங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். ஸ்ரீநகரிலிருந்து தங்மார்க் வரை சாதாரண டாக்ஸி போதும். அங்கிருந்து மேலே 13 கிலோமீட்டருக்குப் பனி நாளில் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏறும். தங்மார்க்கில் வண்டியை நிறுத்தி கம்பூட்டும் கோட்டும் வாடகைக்கு நீட்டுவார்கள். ஸ்னோபோர்டுக்கு அந்த கம்பூட் உதவாது.

உயரத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். குல்மார்க்கில் ஹோட்டல் வாசலில் நிற்கும்போதே ஏறக்குறைய 2,650 மீட்டரில் நிற்கிறோம். போன அன்றே பலகையைத் தூக்காமல் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள்.

வீட்டிலேயே முடிக்க வேண்டிய பாடமும் உண்டு. மூன்று வாரம் லிஃப்ட்டைத் தொடாமல் ஐந்து மாடி ஏறினேன், தினம் நாற்பது தோப்புக்கரணம் போட்டேன். பிள்ளையார் கோயிலில் போட்டதெல்லாம் சும்மா போகவில்லை, ஸ்னோபோர்டில் முழங்கால் மடங்கியபடியே நிற்க அதே தசைதான் வேண்டும். அடுத்தது, எந்தக் கால் முன்னால் என்று கண்டுபிடிப்பது. இடது கால் முன்னால் வைத்தால் ரெகுலர், வலது கால் வைத்தால் கூஃபி. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்கா மகன் சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து லேசாகத் தள்ளினான். வலது காலை எடுத்து முன்னால் வைத்தேன். "சித்தி, நீங்க கூஃபி!" என்று குதித்தான். கையிலிருந்த டம்ளர் உடைந்தது தனிக்கதை. சும்மா கேட்டால் எல்லாரும் ரெகுலர் என்றுதான் சொல்வார்கள், எதிர்பாராத நேரத்தில் தள்ளினால்தான் உண்மை தெரியும். நொய்டா மாலில் இருக்கும் செயற்கைப் பனிக்கும் போய்ப் பார்த்தோம். பனியைத் தொட்டுப் பார்க்க அது சரி, பயிற்சிக்கு அந்த இடம் பத்தாது.

பொருள் விஷயத்தில் நான் ஒரு முழு நாளைத் தொலைத்தேன். வாடகைக் கடையில் என் அளவு பூட் இல்லை. "ரெண்டு சாக்ஸ் போட்டுக்குங்க, சரியாயிடும்" என்று ஒரு சைஸ் பெரியதைக் கொடுத்தார்கள். நானும் தலையை ஆட்டினேன். மாலை வரை குதிகால் பூட்டுக்குள் தூக்கித் தூக்கி அடித்ததில், நான் சொன்னது எதையும் பலகை கேட்கவில்லை. பூட்டைக் கட்டிக்கொண்டு முழங்காலை முன்னால் மடக்கிப் பாருங்கள். குதிகால் மேலே எழும்பினால் அந்த பூட் வேண்டாம். விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும், சாக்ஸ் ஒன்றே ஒன்று, அதுவும் பருத்தி கூடாது. பலகையை நிறுத்தி வைத்தால் முகவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் வர வேண்டும். காலைப் பூட்டும் பைண்டிங்கில் முன்னால் வைக்கும் பாதம் முன்னாலும் பின்னால் வைக்கும் பாதம் சற்றுப் பின்னாலும் பார்க்கும்படி, வாத்து நிற்கிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். திருகாணி இறுக்கமாக இருக்கிறதா என்று கையாலேயே அசைத்துப் பாருங்கள்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டில். விழும்போது கையை விரித்து ஊன்றுவது நம் எல்லாருக்கும் வரும் அனிச்சை, எலும்பு முறிவதும் அதனால்தான். ரோலர் ஸ்கேட்டிங் பிள்ளைகள் போடும் மணிக்கட்டுக் காப்பை டெல்லியிலேயே வாங்கிப் போங்கள், தளர்வான கையுறைக்குள் அடங்கும். ஹெல்மெட் கட்டாயம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் விறைத்துவிடும். வெயில் தெரியாவிட்டாலும் சன்ஸ்கிரீன் பூசுங்கள், பூசாத என் மூக்கு நுனி உரிந்து வந்தது. மெடிக்கல் இன்ஷூரன்ஸில் சாகச விளையாட்டு விபத்துக்கு இடம் உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். பல பாலிசிகளில் இருக்காது.

இனி பாடம். முதல் நாள் சமதளத்தில் ஒரு காலை மட்டும் கட்டி, மறு காலால் உந்தி நகர்வது. பிறகு விழப் பழகுவது. முன்னால் விழுந்தால் விரல்களை முஷ்டியாக மடக்கி முழங்கை வரை முழுக் கையையும் பதிய விட வேண்டும். பின்னால் விழுந்தால் முகவாயை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்காருகிற மாதிரி சரிந்து உருள வேண்டும். எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. இரண்டு காலும் கட்டியிருக்க, சந்தைக்குக் கொண்டு போகிற கோழி மாதிரி கிடந்தேன். உட்கார்ந்த நிலையிலிருந்து எழ முடியாவிட்டால் புரண்டு குப்புறப் படுத்து, முழங்காலை மடக்கிக் கையை ஊன்றி எழுங்கள், பாதி உழைப்பு மிச்சம். அன்று மாலை என்னைப் பார்த்த அக்கா மகன் சொன்னான்: "தேங்காப்பூ தூவின புட்டு மாதிரி இருக்கீங்க சித்தி."

இரண்டாம் நாள் ஹீல் சைடு. பள்ளத்தைப் பார்த்து நின்று, குதிகால் பக்கத்து விளிம்பை மட்டும் பனியில் பதித்து மெதுவாகச் சறுக்கி இறங்குவது. பிறகு இதே விளிம்பில் இடதும் வலதுமாகச் சாய்ந்து சாய்ந்து, உதிரும் இலை மாதிரி வருவது. பள்ளம் கண்ணுக்குத் தெரிவதால் பயம் குறைவு. சாயங்காலத்துக்குள் வந்துவிடும்.

இங்கேதான் பொறி இருக்கிறது. இதை வைத்தே எந்தச் சரிவிலும் ஒப்பேற்றி இறங்கிவிடலாம். நிறையப் பேர் இத்தோடு "கத்துக்கிட்டேன்" என்று கொண்டோலா என்ற கேபிள் கார் ஏறி, அதன் முதல் கட்ட நிலையமான கொங்டூரிக்குப் போய்விடுகிறார்கள், நாளெல்லாம் சரிவைச் சுரண்டியபடி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறார்கள். எளிதான சாப்டரையே திரும்பத் திரும்ப ரிவிஷன் செய்யும் கதை அது. நானும் ஒரு தேர்வுக்கு அப்படித்தான் படித்தேன், விடுங்கள்.

மார்க் இருப்பது டோ சைடில். முதுகைப் பள்ளத்துக்குக் காட்டி, மலையைப் பார்த்து, கால்விரல் பக்கத்து விளிம்பில் நிற்க வேண்டும். போகும் இடம் தெரியாது. மூன்றாம் நாள் காலை முதல் சறுக்கிலேயே, யாரோ காலுக்கடியில் பாயை உருவிய மாதிரி பின்னந்தலை பனியில் அறைந்தது. ஹெல்மெட் இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். விளிம்பு சிக்கிக்கொண்டது, எட்ஜ் கேட்ச் என்பது இதுதான்.

பயிற்சியாளர் இந்தியில் எவ்வளவோ விளக்கினார். எனக்குப் புரிந்ததென்னவோ தோசைக்கரண்டி வழியாகத்தான். கல்லின் மேல் கரண்டியைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். போகிற பக்கத்து விளிம்பைத் தூக்கிப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். அந்த விளிம்பையே தாழ்த்தித் தள்ளினால் குத்தி நின்றுவிடும், கை மடங்கும். பலகையும் அப்படியே. பள்ளத்துப் பக்கத்து விளிம்பு எந்த நேரமும் ஒரு விரற்கடை தூக்கியே இருக்க வேண்டும். ஒரு நொடி அசந்து பாதத்தைச் சமமாக வைத்தால் அந்த விளிம்பு பனியைக் கடித்துவிடும், நாம் பள்ளத்துப் பக்கமே தூக்கி எறியப்படுவோம். இது புரிந்த பிறகு, கணுக்காலுக்கு மேலே உள்ள முன்பக்க எலும்பைப் பூட்டின் முன்பக்க நாக்கின் மேல் அழுத்திச் சாய்ந்து நின்றேன். குனியாமல் இடுப்பை மலைப்பக்கம் தள்ளினேன். மதியத்துக்குள் விழுவது பாதியாகக் குறைந்தது. மூன்றாம் நாளைக் கடப்பதற்காகவே ஒரு நாள் கூடுதலாகத் தங்கலாம்.

நான்காம் நாள் இரண்டு விளிம்பையும் கோர்ப்பது. திரும்பும் நடுவில் பலகை ஒரு கணம் நேராகப் பள்ளத்தைப் பார்க்கும். அந்தக் கணத்தில் உடம்பு பயந்து பின்னால் சாயும், சாய்ந்தால் பலகை திரும்பவே திரும்பாது. முன்காலில் எடையைப் போட்டு, எங்கே போக வேண்டுமோ அங்கே முகத்தைத் திருப்பினால் தோளும் இடுப்பும் தானாகப் பின்தொடரும். சரிவில் ஆளை மேலே இழுத்துப் போகும் இழுவை லிஃப்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை: ஸ்னோபோர்டில் ஒரு காலை அவிழ்த்துக்கொண்டு பக்கவாட்டில் நின்று அதில் போவது தனி வித்தை, இரண்டு முறை நான் பாதியிலேயே விழுந்து வரிசையை நிறுத்தினேன்.

கொண்டோலாவின் இரண்டாம் கட்டத்தில் அஃபர்வத் மலை வரை போய்ப் பார்த்துவிட்டு கொண்டோலாவிலேயே இறங்கி வந்துவிடுங்கள், பலகையோடு மட்டும் வேண்டாம். சுமார் 3,980 மீட்டர் உயரம், சீர்செய்யாத பனி. 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் பனிச்சரிவில் வெளிநாட்டு ஸ்கீயர்கள் இறந்திருக்கிறார்கள், அவர்களெல்லாம் நம்மைப் போல முதல் வகுப்பு ஆட்கள் இல்லை.

ஐந்தாம் நாள் பரீட்சை. பயிற்சியாளர் சரிவில் நாலு மூங்கில் குச்சியை நட்டார். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு திருப்பம், விழாமல் கீழே வர வேண்டும். முதல் குச்சி ஹீல், இரண்டாவது டோ, மூன்றாவது ஹீல், எல்லாம் வந்தது. நாலாவது மறுபடி டோ. அதற்கு முன்னால் ஒரு நொடி குனிந்து பலகையைப் பார்த்தேன், குச்சியையும் கட்டிப்பிடித்துக்கொண்டு உருண்டேன். பனியைத் துப்பிவிட்டு நிமிர்ந்தால் அக்கா மகன் தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தான்.

"நாலுக்கு மூணு சித்தி. இந்த தடவை கட்-ஆஃப் தாண்டிட்டீங்க."