லிபியாவில் மாமாவைக் கடத்தினார்கள், பென்னாகரத்தில் இருந்து நாங்கள் அலைந்த 41 நாள்

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வெல்டர். பத்தாவது தாண்டாதவர், அதனால் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வாங்க வேண்டிய பாஸ்போர்ட். பெங்களூரில் பத்து வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டு, கடன் கழுத்தைப் பிடித்தபோது ஒரு ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு 2019-ல் விசிட் விசாவில் துபாய் போய், அங்கிருந்து லிபியா போனார். லிபியாவுக்கு இந்தியர்கள் போகக்கூடாது என்று 2016-லேயே மத்திய அரசு தடை போட்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பார் என்பது வேறு விஷயம். மாசம் 45,000 என்றால் எங்கள் பக்கத்தில் யார் தடையைப் பார்க்கிறார்கள்.

2020 ஜனவரி 23, தை அமாவாசைக்கு முந்தின நாள். ராத்திரி எட்டரைக்கு அக்கா போனுக்கு வாட்ஸ்அப்பில் தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு. ஒருத்தன் இந்தியில் ஏதோ கத்தினான், பிறகு மாமா குரல், "என்னைப் புடிச்சு வச்சிருக்காங்க, கம்பெனி முதலாளிகிட்ட பேசச் சொல்லு", அவ்வளவுதான், கட் ஆகிவிட்டது. அக்கா அப்போது திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக் கொண்டிருந்தாள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்கு ஓடு உடைத்து கொட்டை எடுப்பது, எங்கள் பக்கம் புளி சீசனில் வீட்டுக்கு வீடு அதுதான் வேலை. போனை வைத்துவிட்டு மறுபடி சுத்தியலை எடுத்து நாலைந்து புளியைத் தட்டியிருக்கிறாள். அதற்கப்புறம்தான் அழுகை வந்ததாம்.

அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை, போனில் தேடிக்கொண்டே இருந்தேன், அதைச் செய்யாதீர்கள். எனக்குக் கிடைத்த முதல் செய்தியே மோசுல். 2014 ஜூனில் ஈராக்கில் 40 இந்தியக் கூலித் தொழிலாளர்களை ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பு ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள், ஒருத்தர் தப்பி வந்து மற்ற எல்லாரையும் சுட்டுவிட்டார்கள் என்று சொல்லியும் அது உறுதியாக நாலு வருஷம் ஆனது. டி.என்.ஏ. பார்த்து 39 பேரும் இறந்துவிட்டார்கள் என்று 2018 மார்ச்சில்தான் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். அந்த நாலு வருஷமும் அந்த வீடுகளில் என்ன சமைத்திருப்பார்கள், பொங்கலுக்குத் துணி எடுத்திருப்பார்களா என்றெல்லாம் மனசு போனது. அதே ஜூனில் ஈராக்கின் திக்ரித் ஊரில் மாட்டிய 46 நர்சுகள் ஒரு மாசத்துக்குள் பத்திரமாகக் கொச்சி வந்து இறங்கியதும் அதே தேடலில்தான் இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் கண் அதில் நிற்கவில்லை.

எங்கள் முதல் தப்பு மறுநாளே நடந்தது. ஏஜெண்டுக்குப் போன் போட்டோம். பேர் வேண்டாம், கேஸ் இன்னும் நடக்கிறது. "தடை இருக்கற நாட்டுக்குப் போனவரு, எமிக்ரேஷன் கிளியரன்ஸ் இல்ல, கவர்மெண்டுக்குச் சொன்னா வந்ததும் அவரையே புடிச்சு உள்ள போட்டுடுவாங்க, நான் பாத்துக்கறேன், நாலு நாள் பொறுங்க" என்றான். பொறுத்தோம். நாலு நாள் போச்சு. அவன் பயந்தது அவனுக்காக. குடிபெயர்வுச் சட்டம் 1983-ன்படி பதிவு இல்லாமல் ஆள் அனுப்பினால் மாட்டுவது அவன்தான். பிற்பாடு நான் பேசிய ஒரு அதிகாரியும் "ஏன் போனார்" என்று கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது "கடைசியாக எங்கே இருந்தார், யாரிடம் பேசினார், பாஸ்போர்ட் நம்பர் என்ன" என்பது மட்டும்தான்.

பாஸ்போர்ட் நம்பரில்தான் அடுத்த சிக்கல். அசல் லிபியா முதலாளியிடம். வீட்டில் ஒரு நகல்கூட இல்லை. எனக்குப் பென்னாகரத்தில் ஜெராக்ஸ் கடை. ஊருக்கெல்லாம் பட்டா சிட்டாவும் முதியோர் பென்ஷன் மனுவும் எடுத்துக் கொடுக்கிறவன் வீட்டில் மாமா பாஸ்போர்ட் நகல் இல்லை என்றால் எப்படி இருக்கும். கடைசியில் கடை கம்ப்யூட்டரில், ஏஜெண்டுக்கு அனுப்ப அவர் எப்போதோ ஸ்கேன் செய்த ஃபைல், அழிக்காமல் விட்ட ஆயிரம் ஆதார் கார்டுகளுக்கு நடுவில், "ஸ்கேன்0047" என்ற பேரில் கிடைத்தது. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும். லிபியா விசா பக்கம் இல்லை. அதை அவருடன் அறையில் இருந்த ராஜஸ்தான்காரர் ஒருத்தர், மாமா எப்போதோ அவருக்கு அனுப்பிய படத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தார்.

27-ஆம் தேதி திங்கட்கிழமை. தருமபுரி கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள். அக்காவையும் எங்கள் பாட்டி அம்மாயியையும் கூட்டிக்கொண்டு போனேன். முதியோர் பென்ஷன், வழித்தடப் பிரச்சினை, ஆக்கிரமிப்பு என்று வரிசையில் நின்றவர்களுக்கு நடுவே "கணவரை லிபியாவில் கடத்தியிருக்கிறார்கள்" என்று மனுவில் எழுதி வைத்துக்கொண்டு நின்றோம். மனுவை வாங்கியவர் இரண்டு தடவை படித்துவிட்டு எங்களைத் தனியாக உட்கார வைத்தார். அங்கிருந்து சென்னைக்கு அன்றைக்கே கடிதம் போனது, அதன் நகல் எங்கள் கைக்கும் வந்தது. காவல் நிலையம் ஒன்றில் மட்டும் சுற்ற விட்டார்கள், "குற்றம் நடந்தது லிபியா, நான் எந்த லிமிட்ல கேஸ் போடறது" என்று. அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஏஜெண்ட் மேல் புகார் என்று மாற்றி எழுதிக் கொடுத்ததும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள்.

அன்று ராத்திரியே கடையில் உட்கார்ந்து வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' என்ற இணையதளத்தில் புகார் பதிந்தேன். மதத் என்றால் இந்தியில் உதவி, 2015-ல் தொடங்கியது. வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர் வீட்டார் இங்கிருந்தே பதியலாம், ஒரு நம்பர் வரும். அந்த நம்பர்தான் அதற்கப்புறம் எங்களுக்கு எல்லா இடத்திலும் கதவு திறந்தது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும், லிபியாவுக்கான நம் தூதரக வேலை அப்போது லிபியாவில் நடக்கவில்லை. தலைநகரம் திரிபோலியைப் பிடிக்க கிழக்கு லிபியாவின் தளபதி ஹஃப்தாரின் படை 2019 ஏப்ரலில் கிளம்பியதில் இருந்து ஊரே போர்க்களம், எல்லாம் பக்கத்து நாடான துனிசியாவின் துனிஸ் நகரத்தில் இருந்துதான். துனிஸில் காலை 9 என்றால் நமக்கு மதியம் 1.30. இது தெரியாமல் இரண்டு நாள் காலை ஆறு மணிக்குப் போன் போட்டு யாரும் எடுக்கவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய் ராத்திரி பஸ் ஏறி புதன் காலை கோயம்பேடு, அங்கிருந்து சேப்பாக்கம் எழிலகம். வெளிநாடு வாழ் தமிழர் நலனுக்கான ஆணையரகம் அப்போது அங்கேதான் இருந்தது. ஃபைலில் என்னென்ன வைத்திருந்தோமோ எல்லாம் வேலைக்கு ஆனது, கலெக்டர் ஆபீஸ் கடிதம், மதத் நம்பர், பாஸ்போர்ட், விசா, கடைசி அழைப்பு வந்த நம்பரின் ஸ்கிரீன்ஷாட், எம்.பி. ஆபீஸில் வாங்கிய பரிந்துரைக் கடிதம். அங்கே வரிசையில் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர்தான் ஃபாதர் பிரேம்குமார் கதையைச் சொன்னார். சிவகங்கைப் பக்கத்துக்காரர், ஆப்கானிஸ்தானில் ஹெராத் அருகே அகதிக் குழந்தைகளுக்காக வேலை பார்த்தவர், 2014 ஜூன் 2-ல் கடத்தி, 2015 பிப்ரவரியில்தான் விட்டார்கள். எட்டு மாசத்துக்கு மேல். "வந்துட்டார்ல" என்றார் அந்தப் பெரியவர். எட்டு மாசம் என்று கேட்டதும் அக்கா முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பேச்சை மாற்றினார்.

நாள் கணக்குப் போடுவதில் அர்த்தமே இல்லை என்பதை நான் லிபியாவின் இன்னொரு சம்பவத்தில் இருந்து தெரிந்துகொண்டேன். 2015 ஜூலையில் சிர்த் நகரத்துப் பக்கம் ஒரே காரில் வந்த நாலு இந்திய ஆசிரியர்களைப் பிடித்தார்கள். இரண்டு பேரை இரண்டே நாளில் விட்டார்கள். மற்ற இரண்டு பேர் 2016 செப்டம்பரில்தான் வந்தார்கள். ஒரே கார், ஒரே கும்பல்.

அம்மாயிக்கு இதெல்லாம் புரியாது. அவளுக்குக் கடத்தல் என்றால் வீரப்பன். 2000-த்தில் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கொண்டு போய் 108 நாள் காட்டில் வைத்திருந்தானே, அப்போது நக்கீரன் கோபால் தூது போகவில்லையா, அந்த மாதிரி ஒருத்தரை அனுப்பச் சொல்லு என்று தினமும் நச்சரித்தாள். வீரப்பனைச் சுட்ட பாப்பாரப்பட்டி எங்கள் ஊரில் இருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம்தான், அவளுக்கு அது நேற்று நடந்தது மாதிரி. சிரிப்பாக இருந்தாலும் அவள் சொன்னதுதான் கடைசியில் நடந்தது. அங்கே போலீஸ், ராணுவம் என்று நாம் நினைக்கிற மாதிரி ஒன்று இல்லை, 2011-ல் நாட்டை ஆண்ட கடாஃபி போனதில் இருந்து ஊருக்கு ஒரு ஆயுதக் குழு. அவர்களோடு பேச முடிந்தவர்கள் அந்தந்த ஊர்க் குலப் பெரியவர்கள்தான். கம்பெனி முதலாளி லிபியாக்காரர், அவர் வழியாகத்தான் தூது போனது. தூதரகம் அவரை விடாமல் நெருக்கிக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 2-ல் மறுபடி அழைப்பு. 30,000 தினார். நம் பணத்தில் ஏறக்குறைய 15 லட்சம். அதற்குள் தூதரகத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: வீட்டில் ஒரே ஆள்தான் பேச வேண்டும், தொகையைப் பற்றி சரி என்றும் சொல்லாதே முடியாது என்றும் சொல்லாதே, முதலில் ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி கேள், அவருக்கு மட்டுமே தெரிந்த கேள்வி ஒன்றைத் தயாராக வை. பெங்களூரில் வேலை பார்த்த என் சிநேகிதன் இந்தி நன்றாகப் பேசுவான், அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கேள்வியை அக்கா சொன்னாள். "நம்ம செவலை மாடு கெணத்துல விழுந்தப்ப யாரு எடுத்தாங்கன்னு கேளு." எனக்கே அந்தச் சம்பவம் ஞாபகம் இல்லை. அந்தப் பக்கம் யாரோ கேட்டார்கள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மாமா குரல், வறண்டு போய், தமிழில்: "செவலை இல்ல, மயிலை. கெணத்துல இல்ல, ஏரிச் சேத்துல. எவ சொன்னா செவலைன்னு?"

அக்கா வேண்டுமென்றே தப்பாகச் சொல்லியிருக்கிறாள். மாமா பேரில் வேறு யாராவது பேசினால் செவலை என்றே ஒப்புக்கொள்வான், மாமாதான் திருத்துவார் என்று. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் பத்து நாளைக்கு அப்புறம் களி கிண்டினார்கள்.

அதற்கப்புறம் ஒரு மாசம் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குள் சண்டைதான். பெரியப்பா மகன் ஒரு நிருபரைக் கூட்டிவந்துவிட்டான், டிவியில் வந்தால்தான் டெல்லிக்கு உறைக்கும் என்று. தூதரகத்தில் வேண்டாம் என்றார்கள், செய்தி பெரிதானால் பிடித்தவன் விலையை ஏற்றுவான், அல்லது இன்னும் மோசமான கும்பலுக்குக் கைமாற்றிவிடுவான் என்று. நான் நிருபரை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன், பெரியப்பா வீட்டோடு இன்றைக்கும் பேச்சு அவ்வளவாக இல்லை. பேசாமல் இருந்தது சரிதான் என்று எல்லா நேரத்துக்கும் என்னால் சொல்ல முடியாது. மோசுல் குடும்பங்கள் கத்தாமல் இருந்திருந்தால் அவர்களை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? எங்கள் விஷயத்தில் பணத்துக்குப் பிடித்தவர்கள், அதனால் அமைதி உதவியது. வேறு மாதிரி ஆட்கள் என்றால் கணக்கே வேறு.

மார்ச் 4, விட்டுவிட்டார்கள். முதலாளி வீட்டில் இருந்து மாமாவே பேசினார். பணம் கொடுத்தீர்களா என்று இன்றைக்கும் ஊரில் கேட்கிறார்கள். நாங்கள் ஒரு பைசா கொடுக்கவில்லை. முதலாளி கொடுத்தாரா என்று கேட்டால் மாமா எழுந்து வெளியே போய்விடுவார். பாஸ்போர்ட் அந்தக் களேபரத்தில் எங்கோ போய்விட்டது, தூதரகம் எமர்ஜென்சி சர்டிஃபிகேட் கொடுத்தது, அதுதான் நம்மாட்கள் அவுட் பாஸ் என்று சொல்வது, ஊர் திரும்ப ஒரு தடவைக்கு மட்டும். அந்த ஸ்கேன்0047 இல்லாவிட்டால் அதற்கே இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்குமோ. துனிஸ், துபாய் வழியாக 12-ஆம் தேதி சென்னை. பத்து நாளில், 22-ஆம் தேதி, கொரோனாவுக்காக வெளிநாட்டு விமானம் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். ஏர்போர்ட்டில் காய்ச்சல் பார்க்கிற கருவியை நெற்றிக்கு நேராக நீட்டியதும் மாமா தலையைக் குனிந்து இரண்டு கையையும் தூக்கிவிட்டாராம். அதை அவர் சொல்லவில்லை, கூட வந்த ஒருத்தர் சொன்னார்.

மாமாவைப் பிடித்துக்கொண்டு போன வேனில் இரண்டு பங்களாதேஷ்காரர்களும் இருந்தார்கள், அவர்களும் பிழைத்தார்கள். 2020 மே கடைசியில் லிபியாவில் மிஸ்தா என்ற ஊரில் 30 பேரைச் சுட்டுக் கொன்றார்கள், அதில் 26 பேர் பங்களாதேஷ்காரர்கள், எல்லாரும் பிணையாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்தவர்கள். செய்தி வந்த அன்றைக்கு மாமா அந்த இரண்டு பேர் நம்பருக்கும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தார். சாயங்காலம் ஒருத்தன் எடுத்தான். இன்னொருத்தன் நம்பர் மாறிவிட்டது என்று அவன் சொன்னான், நம்பினோம்.

இப்போது கடைக்கு யார் பாஸ்போர்ட் ஜெராக்ஸுக்கு வந்தாலும் எந்த நாடு என்று கேட்கிறேன், வீட்டுக்கு ஒரு செட் சேர்த்து எடுத்து அதற்குக் காசு வாங்குவதில்லை. போன மாசம் ஏரியூர்ப் பக்கத்துப் பையன் ஒருத்தன் வந்தான், இருபத்தி மூணு வயசு இருக்கும். துபாய் என்றான். விசிட் விசாவா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ரெண்டு செட்டையும் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.