கொழுந்துக் கூடைக்குள்ள மணி

வீட்டைக் காட்டுனப்ப வீட்டுக்காரர் வச்ச ஒரே கண்டிஷன் தரையைப் பத்திதான். பழைய காலத்து வீடு, முன்பக்கம் ரெண்டு காம்பராவுக்கும் பலகைத் தரை. "தண்ணி மட்டும் ஊத்திராதீங்க தம்பி, பலகை ஊறிப் போயிரும்"னாரு, நானும் தலையாட்டிட்டு அட்வான்ஸைக் குடுத்தேன். மூணாவது மாசமே அந்தப் பலகை மேல தண்ணியை விட மோசமானது ஊத்த ஆரம்பிச்சிருச்சு.

காம்பரான்னு நானே எழுதுறேன் பாருங்க. இங்க ரூமுக்கு அதான் பேரு. சக்கரை சீனி ஆயிருச்சு, சோப்பு சவர்க்காரம் ஆயிருச்சு, வெட்னரி டாக்டர் மிருக வைத்தியர் ஆயிட்டாரு, பிரெட்டு பாண் ஆனது மட்டும் இன்னும் வாய்ல வர மாட்டேங்குது. எனக்குச் சொந்த ஊர் கோத்தகிரி. வேலை கோயம்புத்தூர்ல ஒரு மிஷின் கம்பெனில, தேயிலை ஃபெக்டரில கலர் சார்ட்டர்னு ஒண்ணு இருக்கும், கேமரா வச்சு தூளையும் குச்சியையும் பிரிச்சுத் தள்ளுற மிஷின், அதை மாட்டுறது, கெட்டுப்போனா சரி பண்றது. ரெண்டு வருஷம் இலங்கைல ஹட்டன்ல இருக்கியான்னு கேட்டாங்க, உடனே சரின்னுட்டேன், ஏன்னா எங்க அம்மாயி மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளிங்க இருக்கிற வரிசை வீட்டுல, பொறந்தவங்க. 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு முடிவு பண்ணாங்கல்ல, அந்தக் கணக்குல 1972ல வந்தவங்க. கோத்தகிரில எங்களை இன்னிக்கும் சிலோன்காரங்கன்னுதான் சொல்லுவாங்க. இங்க வந்தா நான் இந்தியாக்காரத் தம்பி. பக்கத்து வீட்டுப் பெரியம்மா பர்த் சர்டிபிகேட்டுலயும் இந்தியத் தமிழர்னு போட்டிருக்காம், அவங்க இந்தியாவைப் பாத்ததே டிவி சீரியல்லதான்.

சரி, பலகையை நனைச்ச நாய்க்குட்டி வந்த கதைக்கு வரேன். ஜூன் மாசம், டிக்கோயா பக்கம் ஒரு ஃபெக்டரி, டிரையருக்கு விறகு அடுக்கி வச்சிருக்கிற ஷெட்டுல ஒரு ஊர் நாய் அஞ்சு குட்டி போட்டிருந்துச்சு. நாலை ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. கடைசி ஒண்ணு, செம்பட்டை நிறம், ஒரு காது மடிஞ்சு, ஒன்றரை மாசம் தாண்டியிருக்கும், ஃபெக்டரில தூள் தயாரிப்பைப் பாத்துக்கிற டீமேக்கர் அதைத் தூக்கி என் டூல் பேக்குல வச்சுட்டு "தனியாத்தானே இருக்கீங்க, இருக்கட்டும்"னாரு. வேணாம்னு சொல்லிருக்கணும். மழைல நனைஞ்சு ஸ்பேனருக்கு நடுவுல நடுங்கிட்டு இருந்துச்சு, சொல்ல முடியல.

ரொக்கின்னு பேர் வச்சேன். பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கமா எட்டிப் பாத்து "மணி, வா வா"ன்னாங்க, அது வாலை ஆட்டிட்டு ஓடிருச்சு. "பெரியம்மா, அது பேரு ரொக்கி." "அது கெடக்கு தம்பி, நாய்னா மணிதான்." ரெண்டே நாள்ல ரொக்கின்னு கூப்பிட்டா அது திரும்பிக்கூடப் பாக்கல.

வெளிய கட்டிப் போட்டா போச்சு, இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடுன்னு ஊர்ல ஃப்ரெண்டு கேட்டான். கட்ட முடியாது. நம்ம வீட்டுக்கு மேல நேரா தேயிலை மலை, அதுக்கு மேல காடு, ராத்திரில சிறுத்தை எறங்கும், அதுக்கு நாய்னா ரொம்பப் பிரியம், கட்டிப்போட்ட நாய்னா எடுத்துட்டுப் போறதுக்குச் சுலபம். கோத்தகிரிலயும் இதே கதைதான், அதனால யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கல. ஆக ராத்திரி உள்ளதான். உள்ளன்னா பலகை. பலகைன்னா வீட்டுக்காரர்.

எனக்கோ காலைல 7 மணிக்குக் கம்பெனி வேன் வந்துரும், திரும்ப சாயங்காலம் அஞ்சு, சில நாள் பொகவந்தலாவை வரைக்கும் போயிட்டா ஆறரை. மிருக வைத்தியர் சொன்ன கணக்கு என்னன்னா, குட்டிக்கு எத்தனை மாசமோ அதோட ஒண்ணைக் கூட்டிக்கோங்க, அத்தனை மணி நேரம்தான் அதால அடக்க முடியும், அதுவும் அதிகபட்சம். ரெண்டு மாசக் குட்டின்னா மூணு மணி நேரம். நான் விட்டுட்டுப் போறது பத்து மணி நேரம். இதுல குட்டி மேல கோபப்பட்டு என்ன பண்ண? மூக்கைக் கொண்டு போய் மூத்திரத்துல தேய்க்கச் சொல்லி ஃபெக்டரில ஒருத்தர் ஐடியா குடுத்தாரு, முதல் வாரம் நானும் ஒரு தடவை அப்படிச் செஞ்சேன், மறைக்கல. அதுக்கப்புறம் அது போகாம இருக்கல, எனக்குத் தெரியாம கட்டிலுக்கு அடியில போய்ப் போக ஆரம்பிச்சுச்சு, அவ்வளவுதான் பலன்.

பேப்பர் விரிச்சுப் பாத்தேன். பெரியம்மா வந்து பாத்துட்டு வாயில கை வச்சுக்கிட்டாங்க, "எழுத்து மேலயா தம்பி இருக்க வைக்கிறீங்க, சரஸ்வதி இல்லையா?" அவங்க பள்ளிக்கூடம் போனது நாலாவது வரைக்கும்தான், ஆனா வீரகேசரியை ஒரு பக்கம் விடாம எழுத்துக்கூட்டிப் படிச்சிருவாங்க. சரின்னு ஃபெக்டரில இருந்து கிழிஞ்ச சாக்கு கொண்டு வந்து கதவுகிட்ட போட்டேன். அருமையாப் பழகிருச்சு, நாலே நாள்ல சாக்கைத் தேடிப் போக ஆரம்பிச்சுச்சு, நானும் பெருமையா வீட்டுக்கு வீடியோ எல்லாம் அனுப்புனேன். அப்புறம்தான் தெரிஞ்சுது அது கதவைப் பழகல, சாக்கைப் பழகியிருக்குன்னு. குசினில, அதான் சமையக்கட்டுல, அரிசி மூட்டை மேல ஒரு நாள். பெரியம்மா மகள் மலைக்குப் போறப்ப இடுப்புல கட்டுற படங்கை வேலியில காயப் போட்டிருந்தாங்க, காத்துல கீழ விழுந்திருக்கு, அது மேல ஒரு நாள். அந்தப் பொண்ணு என்னைப் பாத்த பார்வையை இன்னும் மறக்கல. குட்டி எந்தப் பொருள் மேல பழகுதோ அந்தப் பொருள்தான் அதுக்குக் கக்கூஸ், இடம் ரெண்டாம்பட்சம்தான். அதனால என்னை மாதிரி சாக்குல ஆரம்பிக்காதீங்க, எடுத்த எடுப்புலயே மண்ணுக்குக் கொண்டு போங்க.

அன்னிக்குச் சாயங்காலம் படங்குக்கு மன்னிப்புக் கேக்கப் போனேன், அங்கதான் விஷயம் மாறுச்சு. பெரியம்மா 35 வருஷம் கொழுந்து எடுத்தவங்க, நாலு புள்ளை. "நாங்களும் வேலைக்குப் போய்க்கிட்டுத்தானே வளத்தோம், புள்ளக்காம்பராவுல விட்டுட்டுப் போவோம், ஒன்பதரைக்கு ஓடியாந்து பால் குடுப்போம், மத்தியானம் ஒருக்கா, கொழுந்து நிறுத்து முடிச்சு ஒருக்கா. அந்த நேரம் தவறுனா புள்ளை அழுவுறது மலைக்கே கேக்கும்"னு சொல்லிக்கிட்டே உள்ள போய் ஒரு பழைய கொழுந்துக் கூடையைத் தூக்கிட்டு வந்தாங்க. பிரம்புக் கூடை, அடிப்பக்கம் கறுத்துப் போயி, தலையில மாட்டுற கயிறு இன்னும் அப்படியே இருந்துச்சு, அந்தக் கயிறு நடுவுல மட்டும் துணி சுத்தி, நெத்தி பட்டுப் பட்டு வழுவழுன்னு ஆயிருந்துச்சு. இப்ப நிறைய தோட்டத்துல நைலான் பை வந்துருச்சு, கூடையை அவங்க கோழி அடைக்க வச்சிருந்தாங்க. அதைக் கழுவி, படுக்கப் போட்டு, உள்ள என் பழைய ஸ்வெட்டரை விரிச்சாங்க. "இதுக்குள்ள படுக்கட்டும். படுத்த எடத்துல எந்தக் குட்டியும் ஒண்ணுக்கு ரெண்டுக்கு இருக்காது." சரியாச் சொன்னாங்க. நான் அதுவரைக்கும் குட்டிக்கு முழு வீட்டையும் விட்டு வச்சிருந்தேன், அவ்வளவு பெரிய எடத்துல ஒரு மூலை படுக்கை, ஒரு மூலை கக்கூஸ்னு அதுவே பிரிச்சுக்கிச்சு. கூடை அளவா இருந்துச்சு. கூடையை குசினில சிமெண்டுத் தரையில வச்சு, வாசல்ல ஒரு பலகையைக் குறுக்கப் போட்டோம்.

அடுத்த நாள்ல இருந்து ஒன்பதரை, பன்னெண்டு, மூணு. பெரியம்மா சாவியை இடுப்புல சொருகிட்டு வருவாங்க, குட்டியைத் தூக்கிட்டு நேரா கொய்யா மரத்தடி, அங்க பழைய சாக்குல ஒரு துண்டை மண்ணுல பாதி புதைச்சு வச்சிருந்தோம், வாசனைக்கு. இருந்து முடிச்ச உடனே, முடிச்ச அந்த நிமிஷமே, ஒரு துண்டு ரொட்டி. வீட்டுக்குள்ள வந்தப்புறம் குடுத்தா வீட்டுக்குள்ள வந்ததுக்குத்தான் குடுக்குறாங்கன்னு நெனச்சுக்கும். காசு குடுத்தேன், வாங்கல. ரொம்பக் கட்டாயப்படுத்துனதுல "அப்போ போனுக்கு ரீலோட் போட்டு விடுங்க, சவுதில இருக்கிற மகன்கூடக் கதைக்க"ன்னாங்க. அப்படியே ஓடுது இன்னிக்கு வரைக்கும்.

ராத்திரி ஷிப்டு என்னோடது. பதினொண்ணுக்கு ஒரு அலாரம், ரெண்டரைக்கு ஒண்ணு. ரெண்டரைக்கு எதிர் மலையில ஃபெக்டரி லைட்டு எரியும், வாடின கொழுந்தை ரோலருக்குப் போட ஆரம்பிச்சிருப்பாங்க, காத்து இந்தப் பக்கம் அடிச்சா பச்சை வாசம் வரும். குளிருல மப்ளரைச் சுத்திக்கிட்டு டார்ச்சை மலைப்பக்கமா ஒரு தடவை சுத்திப் பாத்துட்டு (சிறுத்தை) நான் நிப்பேன், மணி ஒவ்வொரு புல்லா மோந்து பாத்துட்டு என்னை ஒரு பார்வை பாக்கும், மறுபடி மோந்து பாக்கும், எனக்கு நேரம் போகுதேன்னு இருக்கும். மழை நாள்ல படியை விட்டே எறங்காது. ஒரு நாள் குடையைப் பிடிச்சுக்கிட்டு எறக்கி விட்டேன், திரும்ப வந்தப்ப கால் விரலுக்கு நடுவுல ரெண்டு அட்டை, மூக்கு நுனியில ஒண்ணு, தும்மித் தும்மி மூணாவதை அதுவே தள்ளிருச்சு, மத்த ரெண்டுக்கும் உப்பு. அதுக்கப்புறம் ஒரு வாரம் கொய்யா மரம்னாலே பின்வாங்குச்சு, மறுபடி முதல்ல இருந்து.

பலகை வாசத்துக்கு ஃபினாயில் போட்டுத் தேய்ச்சேன், போகல. நாய்க்கு நம்மளை விட மூக்கு, நமக்குப் போயிருச்சுன்னு தோணுறது அதுக்குப் போகாது, அதே எடத்துல மறுபடி இருக்கும். வினாகிரில தண்ணி கலந்து துணியை நல்லாப் பிழிஞ்சு துடைச்சு, காய்ஞ்சதும் அப்பச்சோடா தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலைல கூட்டி அள்ளுனேன், அது கேட்டுச்சு. வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் வாசல்ல நின்னு மூக்கை உறிஞ்சிட்டு "அச்சாறு போடுறீங்களா தம்பி?"ன்னாரு. அச்சாறுன்னா இங்க ஊறுகாய். ஆமாங்கன்னு சொல்லிட்டேன். அடுத்த மாசம் ஒரு போத்தல் கேட்டிருக்காரு.

அக்டோபர்ல, அஞ்சரை மாசம் ஆகறப்ப, வீட்டுக்குள்ள இருக்கறது சுத்தமா நின்னுருச்சு. கூடை பத்தாம தலை வெளிய நீட்டிக்கிட்டுத் தூங்குது. கதவைப் பிராண்டும், நான் எந்திரிக்கணும், அவ்வளவுதான். விசர் நாய் ஊசியும் போட்டாச்சு.

இதுல ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். பெரியம்மா அதைக் கொய்யா மரத்தடில விட்டுட்டு, கைப்புள்ளையை இருக்க வைக்கிற மாதிரி "சூ... சூ..."ன்னுதான் சொல்லுவாங்க. நானும் அதையே பிடிச்சுக்கிட்டேன், சூன்னா போதும், குந்திரும். நம்ம ஊர்ல சூன்னா நாயை ஏவி விடுறது, அது எனக்கு ஞாபகமே இல்ல.

போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல அம்மாவும் அம்மாயியும். ஜன்னல்ல ஒரு குரங்கு வந்து உக்காந்துச்சு, அம்மா போன்ல பாத்துட்டு "டேய் நாயை விடு, சூ! சூ! பிடி!"ன்னு கத்துனாங்க. மணி காதைத் தூக்கிச்சு, சுத்தி ஒரு தடவை பாத்துச்சு, பலகைக்கு நடுவுல வந்து குந்திருச்சு. அம்மாவுக்கு ஒண்ணும் புரியல. அம்மாயி மட்டும் பல்லே இல்லாத வாயால அப்படிச் சிரிச்சாங்க, "அங்க அப்படித்தாண்டி சொல்லுவோம்"னு அம்மா தோளைத் தட்டித் தட்டி.

அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, பின்னாடி கெடக்குற கூடையை உத்துப் பாத்துட்டு, "அதுக்கு என்ன பேரு வச்சிருக்க?"ன்னாங்க. மணின்னேன்.

"எங்களுதும் மணிதான்யா. கப்பலேற தலைமன்னாருக்கு ரயிலேத்துற அன்னிக்கு ஸ்டேஷன் வரைக்கும் வந்துச்சு. லயத்துல கட்டிப் போட்டுட்டுத்தான் வந்தோம், எப்படியோ அத்துக்கிட்டு வந்துருச்சு."

நான் போனைக் கூடை மேல சாய்ச்சு வச்சுட்டு துணி எடுக்கப் போனேன். பலகைல ஊறிரும்ல.