வண்ணக் கள்ளிகளும் சிங்கப்பூர் மழையும்: இரண்டு வருடக் கணக்கு

சக்குலண்ட் (இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேர்த்துவைக்கும் சதைப்பற்றுள்ள செடி) வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் 'ஹார்டி'. குளிர்நாடுகளில் அதற்கு, பனி விழுந்து மண் உறைந்தாலும் பிழைத்துக்கொள்ளும் செடி என்று அர்த்தம். சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் நாலாவது மாடியில் அந்த அர்த்தத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இங்கே செடியைக் கொல்வது மழையும், ராத்திரியிலும் தணியாத புழுக்கமும். இந்த இரண்டையும் தாங்கி, நிறமும் மங்காமல் நிற்கிற செடிகள் எவை என்று 2023 அக்டோபரிலிருந்து ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். இனிச் சொல்வதெல்லாம் அதிலிருந்துதான்.

முதலில் இடம். வீட்டு வாசல் வடக்கு பார்த்த காரிடார். ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி விடவேண்டும் என்பதால் சுவரோரம் ஒரே ஒரு இரும்பு ஸ்டாண்டு. அப்புறம் கீழே சமூகத் தோட்டத்தில் ஒரு சின்னப் பாத்தி. அங்கே தலைக்கு மேல் எந்தத் தடுப்பும் கிடையாது. வெயிலும் மழையும் நேரே இறங்கும்.

2023 அக்டோபர் முதல் டிசம்பர் வரை

முதலில் வாங்கியது செம்பர்விவம், ஐந்து தொட்டி. படத்தில் பார்த்த மாதிரியே, ரோஜாவைச் சிவப்பு மெழுகில் வார்த்தது போல இருந்தன. அந்த லத்தீன் பெயருக்கு 'என்றும் உயிரோடிருப்பது' என்று பொருள். ஐரோப்பாவின் மலைப்பாறைகளில் தானாக வளர்வது. ஓட்டுக்கூரை மேலும் வைப்பார்களாம். இங்கே முதல் மாதத்தில் சிவப்பு போய்ப் பச்சையானது. பிறகு அடி இலைகள் கண்ணாடி மாதிரி தெளிந்து, தொட்டால் கையோடு வந்தன. ஐந்தாவது வாரம் ஐந்தும் போய்விட்டன. கூடவே வாங்கிய எச்செவேரியா மூன்றும் டிசம்பர் மழையில் அதே வழியில் போயின.

தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். பாதிதான் சரி. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்று வாங்கும். சக்குலண்டில் பல, பகலில் அவற்றை மூடிக்கொண்டு ராத்திரியில்தான் திறக்கும். அப்போது உள்ளே இழுக்கும் கரியமில வாயுவை அமிலமாகச் சேர்த்துவைத்து, மறுநாள் வெயிலில் எடுத்துச் சமைக்கும். தண்ணீரை மிச்சம் பிடிக்க அது கண்ட வழி. இந்த வேலை ஒழுங்காக நடக்க ராத்திரி குளிர்ந்தால் நல்லது. எச்செவேரியாவின் பூர்வீகம் பெரும்பாலும் மெக்சிகோவின் மேட்டுநிலம். பகலில் வெயில் காய்ந்தாலும் ராத்திரி சில்லென்று ஆகிவிடும். நமக்கோ ராத்திரியிலும் 24, 25 டிகிரி. அந்தச் சூட்டில் செடி சேர்ப்பது குறைந்து, செலவு ஏறிக்கொண்டே போகிறது. ஈரமும் கூடினால் தண்டு அழுகுகிறது.

கரையோரப் பூந்தோட்டத்துக்கு (கார்டன்ஸ் பை தி பே) போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். குளிரூட்டிய ஃபிளவர் டோமுக்குள் ஒரு சக்குலண்ட் தோட்டமே இருக்கிறது. குளிர் இல்லாமல் வெளியே இருக்கும் சன் பெவிலியனிலும் பாலைவனச் செடிகள் நிற்கின்றன. நான் இரண்டாவது இடத்தில்தான் அதிக நேரம் நின்றேன். அங்கே நன்றாக இருக்கிற செடிக்கு என் காரிடாரிலும் இடம் உண்டு என்று தோன்றியது.

2024 பிப்ரவரி

இங்கே ஆண்டிலேயே மழை குறைவாகப் பெய்யும் மாதம். மண்ணை மாற்றினேன். நர்சரியில் 'சக்குலண்ட் மண்' என்று பையில் விற்பதைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை பிடிக்கிறது. நம் ஈரக்காற்றில் அது காய ஒரு வாரம் ஆகிறது. இப்போது என் கலவை ஏழு பங்கு பியூமிஸ் கல் (துளைகள் நிறைந்த, எடையில்லாத எரிமலைக் கல்), இரண்டு பங்கு தொட்டி மண், ஒரு பங்கு உடைத்த அடுப்புக்கரி. தண்ணீர் ஊற்றினால் ஊற்றிய கையோடு அடியில் வரவேண்டும். அதுவரை கல்லைச் சேர்த்துக்கொண்டே போவேன். தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பதையும் விட்டுவிட்டேன். டெங்கிக் கொசு முட்டையிட அந்தத் தட்டுத் தண்ணீர் போதும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தட்டு இல்லாவிட்டால் வேருக்கும் நல்லதுதான். மேல்மண் இறுகினால் அதன் மேலும் தண்ணீர் தேங்கும் என்பதால் வாரம் ஒருமுறை ஒரு பழைய முள்கரண்டியால் கிளறிவிடுகிறேன்.

2024 ஏப்ரல்: அம்மாவும் திருகுகள்ளியும்

28 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) கொடுத்து 'ஃபயர்ஸ்டிக்ஸ்' வாங்கி வந்தேன். பென்சில் பென்சிலாகக் கிளைக்கும். நுனிகள் மஞ்சளும் ஆரஞ்சுமாக, கொளுத்திய ஊதுபத்திக் கட்டு போல இருக்கும். ஸ்டாண்டில் வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா புதுக்கோட்டைப் பக்கம். கிட்டே வந்து, தொடாமல் குனிந்து பார்த்தார்.

"என்னடி இது, திருகுகள்ளி! ஆடு மாடு வராம இருக்க வேலியில வைக்கிறது. இதுக்கா காசு குடுத்த?"

"இது வேற ரகம்மா, நுனி சிவக்கும்."

"சிவக்கட்டும். ஒடிச்சா பால் வரும். கண்ணுல பட்டுச்சுன்னா அவ்வளவுதான். பிள்ளைங்க நடக்கிற பக்கம் வைக்காத."

அம்மா சொன்னது அத்தனையும் சரி. ராத்திரி அதன் தாவரப் பெயரைத் தேடினேன்: யூபோர்பியா திருகள்ளி. மலபார்ச் செடிகளைப் பற்றி 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வெளியிட்ட 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' நூலில் நம்மவர்கள் சொன்ன பெயரையே எழுதிவைத்தார்கள். 1753இல் லின்னேயஸ் அதை அப்படியே தாவரப் பெயராக எடுத்துக்கொண்டார். உலகம் முழுக்கச் செடி வளர்க்கிறவர்கள் எல்லாரும் 'கள்ளி' என்று நம் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னபோது, "பின்ன, அது பேரு அதுதானே" என்று சொல்லிவிட்டுப் பிரண்டைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். பிரண்டை, சோற்றுக்கற்றாழை, கற்பூரவல்லி என்று அம்மா இருபது வருடமாகக் காரிடாரில் வளர்ப்பதெல்லாம் சதைப்பற்றுள்ள செடிகள்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒன்றுகூட அழுகி நான் பார்த்ததில்லை.

பால் விஷயத்தில் விளையாடக் கூடாது. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுகிறேன். அந்தச் செடியைப் பாத்தியின் நடுவில், யார் கையும் எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டேன்.

மாற்றிய மூன்று வாரத்தில் நுனிகள் நன்றாக ஆரஞ்சு ஆயின. காரிடாரில் மூன்று மணி நேர வெயில். பாத்தியில் ஏழு மணி நேரம். இலையிலோ தண்டிலோ சிவப்பு ஏறுவது பெரும்பாலும் ஆந்தோசயனின் என்ற நிறமியால். கடும் வெயிலில் செடி தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் போர்வை அது. குளிர் ராத்திரிகள் சேர்ந்தால் நிறம் இன்னும் ஆழும். நமக்குக் குளிர் கிடைக்கப்போவதில்லை, ஆகவே வெயிலில் குறை வைக்கக் கூடாது. செடி வாங்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் அதன் பிறகு மாறியது: இந்த நிறம் குளிரால் வந்ததா, வெயிலால் வந்ததா, இல்லை பூவிலேயே இருப்பதா?

2024 ஜூலை

பூவிலேயே நிறம் வைத்திருப்பவற்றுக்கு இடம் கொடுத்தேன். பத்துமணிப் பூ, டேபிள் ரோஸ் என்று நாம் சொல்வதைச் சக்குலண்ட் சேகரிப்பவர்கள் பலர் மதிப்பதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பீட்ரூட்டுக்குச் சிவப்பு தருகிற அதே வகை நிறமிதான் இதற்கும்; குளிரே வேண்டாம். காலையில் வெயில் பட்டதும் சுருட்டி வைத்த பட்டுத்துணி பிரிவது போல இதழ் பிரியும். மேகம் மூடினால் அன்றைக்குப் பூ இல்லை. விரல் நீளத்துக்குக் கிள்ளி மண்ணில் குத்தினால் போதும், வேர் பிடித்துக்கொள்ளும். ஆரஞ்சு, வெள்ளை, கத்தரிப்பூ நிறம் என்று ஏழு நிறம் சேர்த்தேன்.

பக்கத்துப் பாத்தி மக்சிக் (மலாய்க்கார ஆன்ட்டி) தன் யூபோர்பியா மிலியிலிருந்து இரண்டு கிளை வெட்டித் தந்தார். நிறைய முள், ஆனால் வருடம் முழுக்கப் பூ. தாய்லாந்தில் இதில் பெரிய பூ ரகங்களை உருவாக்கி 'போய் சியன்' என்கிறார்கள். சீனப் பழங்கதையின் எட்டு தேவர்களைக் குறிக்கும் பெயர். தோட்டத்துச் சீன அங்கிள் என் தொட்டியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கொத்தில் எத்தனை பூ என்று எண்ணிப் பார்ப்பார். எட்டு வந்தால் அதிர்ஷ்டம். ஒருநாள் எட்டு வந்தது. என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

2025 ஜனவரி

10ஆம் தேதி தொடங்கிய மழை. இரண்டே நாளில் ஜனவரி மாதச் சராசரியைத் தாண்டிப் பெய்தது. வேலையிலிருந்து திரும்பப் பிந்திவிட்டது. பாத்தியிலிருந்த எதையும் உள்ளே எடுக்க முடியவில்லை.

திருகுகள்ளிக்கு ஒன்றுமில்லை. யூபோர்பியா மிலி இலையைக் கொட்டிவிட்டு, பிறகு துளிர்த்தது. பத்துமணியில் பாதி போயிற்று. மனசு கஷ்டப்பட்டது கிராப்டோபெட்டலத்துக்குத்தான். வெயிலில் இளஞ்சிவப்பும் நிழலில் சாம்பல் நீலமுமாக மாறுகிற செடி. ஒரு வருடம் வளர்த்து முழங்கை நீளம் தொங்கவிட்டிருந்தேன். தண்டின் அடி கறுத்து, அழுத்தினால் விரல் உள்ளே போனது.

கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து மேலே இருந்து வெட்டினேன். வெட்டுமுகத்தின் நடுவில் காப்பிநிற வளையம் தெரிந்தது. இன்னும் ஒரு விரற்கடை மேலே வெட்டினேன், வளையம் சின்னதானது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்கவேண்டும். இல்லாவிட்டால் நோயை நாமே மேலே ஏற்றுகிறோம். ஐந்தாவது வெட்டில் நடுப்பகுதி வெள்ளரிக்காய் நறுக்கினது போல சுத்தமாக இருந்தது. அப்படி ஒன்பது தலைகள் மிஞ்சின. முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக நிமிர்த்தி வைத்து, சமையலறை ஜன்னலோரம் பத்து நாள் தண்ணீர் காட்டாமல் வைத்தேன். ஏழு வேர்விட்டன. உதிர்ந்த இலைகளைக்கூட நான் தூக்கிப் போடவில்லை. அவற்றிலிருந்தும் மிளகு அளவில் குட்டிகள் வந்தன. இப்போது கிராப்டோபெட்டலம் முழுவதும் காரிடாரில், மழை படாத மேல்தட்டில்.

2025 மே

மாவுப்பூச்சி. இலை இடுக்கில் பஞ்சு மாதிரி தெரிந்தால் காதுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தொடுகிறேன். எறும்பு வரிசை தெரிந்தாலே தேட ஆரம்பித்துவிடவேண்டும்.

இந்த மாதம்தான் வெயிலின் போக்கும் பிடிபட்டது. நாம் பூமத்தியரேகைக்குச் சற்று வடக்கே இருக்கிறோம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகப் போகிறது. மற்ற மாதங்களில் தெற்கே. என் வடக்குக் காரிடாருக்கு நேர் வெயில் அந்த ஆறு மாதம்தான். அக்டோபர் வந்ததும் செடிகள் வெளிச்சம் தேடிக் கழுத்தை நீட்டியதற்கு அதுதான் காரணம். இனி செப்டம்பர் கடைசியில், வெயில் கட்டாயம் வேண்டியவற்றைப் பாத்திக்கு இறக்கி, ஹவோர்த்தியா, காஸ்டீரியா, மருள் போன்ற நிழல் தாங்கிகளை மேலே ஏற்றப்போகிறேன். நவம்பருக்குள் மழைக்கு ஆகாதவற்றை மறுபடி மேலே கொண்டுவந்துவிடவேண்டும்.

2025 ஆகஸ்ட்

சீன அங்கிளின் அடீனியத்தில் காய் பிடித்தது. பாலைவன ரோஜா என்போமே, அது. அவர்கள் அதை 'ஃபூ குவெய் ஹுவா', செல்வமும் மேன்மையும் தரும் பூ என்கிறார்கள். காய் ஆட்டுக்கொம்பு போல இரட்டையாக விரியும். முற்றி வெடித்தால் இரண்டு முனையிலும் பஞ்சு வைத்த விதைகள் காற்றில் போய்விடும் என்பதால், அங்கிள் ஒரு மாதத்துக்கு முன்பே ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருந்தார். எனக்குப் பதினான்கு விதை எண்ணிக் கொடுத்தார். பஞ்சை நீக்கி, பியூமிஸ் மேல் படுக்கவைத்து, மெல்ல மூடினேன். ஐந்தாம் நாளிலிருந்து முளைக்க ஆரம்பித்துப் பதினொன்று வந்திருக்கின்றன. பிறந்த நாளிலிருந்தே அடி பருத்து, உளுந்து அளவில் குண்டாக இருக்கின்றன. தாய்ச்செடியில் பூ அடர் சிவப்பு. விதையில் வருவது தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமாகலாம். பூக்க எப்படியும் அடுத்த வருடம் ஆகும். பதினொன்றுக்கும் எண் போட்டு வைத்திருக்கிறேன். நோட்டில் நிறத்துக்கான கட்டம் காலியாக இருக்கிறது.