அமிகா ஃபாரெவரில் 1.3, 3.1, 3.9: எந்த ரோமுக்கு எந்த டிஸ்க்?

அமிகா என்ற பழைய கணினியை இன்றைய கணினியில் எமுலேட்டர் (போலச் செய்துகாட்டும் மென்பொருள்) வழியாக ஓட்டும் தொகுப்பு அமிகா ஃபாரெவர். அதை நிறுவியவுடன் எழும் முதல் கேள்வி, அமிகா இயங்குதளத்தின் இத்தனை பதிப்புகளில் எதை ஓட்டுவது என்பதுதான். புதியதுதான் நல்லது என்று 3.1-ஐப் போட்டால் 1988-இல் வந்த கேம் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். பழையதே போதும் என்று 1.3-ஐப் போட்டால் ஹார்ட் டிஸ்க்காக நடிக்கும் பெரிய ஃபைலோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். அமிகாவின் இயங்குதளம் இரண்டு துண்டாக இருப்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கிக்ஸ்டார்ட் என்பது ரோம் (அழியாத நினைவகம்) சிப்பில் இருக்கும் பகுதி. வொர்க்பெஞ்ச் என்பது டிஸ்கிலிருந்து ஏறும் பகுதி. 1985-இல் வந்த அமிகா 1000-இல் கிக்ஸ்டார்ட்டையும் பிளாப்பியிலிருந்துதான் 256 கேபி தனி நினைவகத்தில் ஏற்றினார்கள். அமிகா 500, 2000 வந்த பிறகே அது சிப்புக்குப் போனது. எமுலேட்டரில் அந்தச் சிப்புக்குப் பதிலாக ஒரு ஃபைல், அவ்வளவுதான்.

பெட்டியின் மேல் அச்சிட்ட பதிப்பு எண்ணைவிட உள்ளே இருக்கும் எண்தான் வேலைக்கு ஆகும். 1.2 என்றால் 33, 1.3 என்றால் 34, 2.04 என்றால் 37, 2.1 என்றால் 38, 3.0 என்றால் 39, 3.1 என்றால் 40, 3.5 என்றால் 44, 3.9 என்றால் 45, 3.1.4 என்றால் 46, 3.2 என்றால் 47. கவனியுங்கள், 3.1.4 வந்தது 2018-இல், 3.9 வந்தது 2000-இல். வெளி எண்ணை நம்பினால் வரிசையே தலைகீழாகிவிடும். ஷெல்லில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) வெர்ஷன் என்ற கட்டளையைக் கொடுத்தால் இரண்டு துண்டின் எண்ணும் வரும். 3.1 சரியாக நிறுவப்பட்ட ஏ1200-இல் (அமிகா 1200) கிக்ஸ்டார்ட் 40.68, வொர்க்பெஞ்ச் 40.42 என்று காட்டும். எல்லாப் பதிப்புக்கும் ரோம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். 2.1-க்குத் தனி ரோம் வரவே இல்லை, அது 2.04 அல்லது 2.05 ரோமின் மேல் ஓடுவது. 3.5, 3.9 இரண்டும் அப்படித்தான் 3.1 ரோமின் மேல் ஓடுகின்றன. "3.9 ரோம் எங்கே கிடைக்கும்?" என்று தேடுவது வீண் வேலை.

முதலில் ரோம் ஃபைல்கள் எமுலேட்டரின் கண்ணில் பட வேண்டும். விண்டோஸில் பொது ஆவணங்கள் கோப்புறைக்குள் 'அமிகா ஃபைல்ஸ்', அதற்குள் 'ஷேர்டு', அதற்குள் 'ரோம்' என்ற இடத்தில் இவை இருக்கும். அமிகா ஃபாரெவரை வெளியிடும் க்ளோவான்டோ நிறுவனம் தரும் இந்த ஃபைல்கள் பூட்டப்பட்டவை. ஒவ்வொன்றின் தலையிலும் 11 பைட் அடையாளம் இருக்கும், மீதி முழுவதும் ரோம்.கீ என்ற சாவி ஃபைலோடு கலந்து எழுதப்பட்டிருக்கும். அதனால்தான் 256 கேபி ரோம் 2,62,144 பைட்டுக்குப் பதில் 2,62,155 பைட்டாகவும், 512 கேபி ரோம் 5,24,299 பைட்டாகவும் இருக்கிறது. ரோம் ஃபைலை மட்டும் லினக்ஸ் கணினிக்கு எடுத்துப்போய் எஃப்எஸ்-யூஏஈ என்ற எமுலேட்டரின் கிக்ஸ்டார்ட்ஸ் கோப்புறையில் போட்டால் வேலை செய்யாது, சாவியும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விண்டோஸ் எமுலேட்டரான வின்யூஏஈ-யில் பாத்ஸ் பக்கத்துக்குப் போய் கோப்புறையைக் காட்டி, ரோம்களை மறுபடி ஸ்கேன் செய்யும் பொத்தானை அழுத்துங்கள். தொடங்கியதும் ஏரோஸ் என்ற பெயர் திரையில் வந்தால், எமுலேட்டருக்கு உங்கள் ரோம் கிடைக்கவில்லை, உள்ளே இருக்கும் இலவச மாற்று ரோமை எடுத்துக்கொண்டுவிட்டது என்று பொருள். பல கேம்கள் அதில் ஓடாது. கேமைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

பழைய கேம்களுக்கு 1.3-தான். வின்யூஏஈ-யின் குவிக்ஸ்டார்ட் பக்கத்தில் ஏ500, 1.3 ரோம், ஓசிஎஸ் (முதல் தலைமுறை கிராஃபிக்ஸ், ஒலி சிப்புகள்), 512 கேபி சிப் ரேம் (அந்தச் சிப்புகளும் பயன்படுத்தும் நினைவகம்), 512 கேபி ஸ்லோ ரேம் என்று இருக்கும் அமைப்பை எடுத்தால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம். காரணம் நேரடியானது. 1.3 ரோம் 256 கேபி, 16 எம்பி முகவரி வெளியின் கடைசி 256 கேபியில் உட்கார்ந்திருக்கும். 2.04 முதல் ரோம் 512 கேபியாகி உள்ளே எல்லாமே இடம் மாறிவிட்டது. இயங்குதளத்தை முறைப்படி அழைக்காமல் ரோமுக்குள் இருக்கும் ஒரு முகவரிக்கு நேராகத் தாவிய கேம்கள் அங்கே குப்புற விழுந்தன. 1991-இல் 2.04-உடன் ஏ500 பிளஸ் வந்தபோது நிஜ வாழ்க்கையில் நடந்ததும் இதுதான். 1.3-ஐ ரேமில் ஏற்றித் தரும் பிளாப்பிகள் அதனால்தான் கைமாறின. எமுலேட்டரில் அந்தத் தொல்லை இல்லை, ரோமை மாற்றினால் முடிந்தது.

இடையில் வரும் 2.04, 2.05 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏ600 அமைப்பில் ஹார்ட் டிஸ்க் வேண்டுமென்றால் மட்டும் எண்ணைப் பாருங்கள். 37.299 ரோமில் ஐடிஇ (ஹார்ட் டிஸ்க் இணைப்பு) இயக்கி கிடையாது, 37.300-இலும் 37.350-இலும் உண்டு.

தினமும் புழங்க ஒரு வொர்க்பெஞ்ச் வேண்டுமென்றால் 3.1-ஐ ஹார்ட் டிஸ்க் ஃபைலில் நிறுவுவதே நல்லது. தொகுப்பில் ஏற்கெனவே நிறுவிய அமைப்பு இருந்தாலும், புதிதாக நிறுவினால் எது எங்கே இருக்கிறது என்று கைக்குப் பிடிபடும். ஏ1200 அமைப்பை எடுத்து, ரோமாக 3.1 ஏ1200-ஐ வைத்து, 2 எம்பி சிப் ரேமோடு 8 எம்பி ஃபாஸ்ட் ரேம் (செயலி மட்டும் பயன்படுத்தும் நினைவகம்) சேருங்கள். ஹார்ட் டிரைவ்ஸ் பக்கத்தில் 500 எம்பி எச்டிஎஃப் (ஹார்ட் டிஸ்க் ஃபைல்) ஒன்றை உருவாக்குங்கள். 3.1-க்கும் நூறு மென்பொருளுக்கும் இது தாராளம். 3.1 மொத்தம் 6 பிளாப்பி: இன்ஸ்டால், வொர்க்பெஞ்ச், லொகேல், எக்ஸ்ட்ராஸ், ஃபான்ட்ஸ், ஸ்டோரேஜ். ஒவ்வொரு ஏடிஎஃப்-உம் (பிளாப்பியின் நகல் ஃபைல்) 9,01,120 பைட் இருக்க வேண்டும் (80 டிராக், 2 பக்கம், 11 செக்டர், 512 பைட்). அளவு குறைந்தால் அந்த ஃபைல் பழுது. பிளாப்பி டிரைவ் நான்கையும் இயக்கி, முதல் டிரைவில் இன்ஸ்டாலையும் மற்றவற்றில் அடுத்த மூன்றையும் போட்டுவிடுங்கள். நிறுவி டிஸ்கைப் பெயர் சொல்லித்தான் தேடும், எந்த டிரைவில் இருந்தாலும் எடுத்துக்கொள்ளும். எஃப்12 அழுத்தி டிஸ்க் மாற்றும் வேலை இரண்டு தடவையோடு தீரும்.

இன்ஸ்டால் டிஸ்கில் பூட் ஆனதும் டிஹெச்0 என்ற பெயரோடு வடிவமைக்காத டிஸ்க் ஐகான் தெரியும். அதைத் தேர்ந்து, வலது பொத்தானை அழுத்திப் பிடித்து ஐகான்ஸ் மெனுவில் ஃபார்மட் டிஸ்க்குக்குப் போங்கள். ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டமும் இன்டர்நேஷனல் மோடும் டிக் இருக்கட்டும். டைரக்டரி கேஷ் வேண்டாம், பட்டியல் வேகமாக வரும், ஆனால் எழுதுவது மந்தமாகும். குவிக் ஃபார்மட் போதும், முழு ஃபார்மட் எமுலேட்டரில் வெட்டியாகக் காத்திருப்பது. பிறகு இன்ஸ்டால் கோப்புறையில் மொழியைத் தேர்ந்து நிறுவியை ஓட்டுங்கள். 'இன்டர்மீடியட் யூசர்' என்று கொடுத்தால் எந்த டிஸ்கில் நிறுவுவது என்று கேட்கும். முடிந்ததும் பிளாப்பிகளை எல்லாம் எடுத்துவிட்டு ரீசெட் செய்யுங்கள். முதல் டிரைவில் டிஸ்க் இருந்தால் அதற்குத்தான் முதலிடம், ஹார்ட் டிஸ்க் பூட் ஆகவில்லை என்று நினைத்துக் குழம்பத் தேவையில்லை.

பார்ட்டிஷன்களாகப் பிரிக்க நினைத்தால் எச்டிடூல்பாக்ஸ் தேவைப்படும். அதைத் திறந்ததும் டிரைவே தெரியாது, ஏனென்றால் அது தேடுவது ஸ்கஸி.டிவைஸ் என்ற இயக்கியை. ஐகானின் இன்ஃபர்மேஷன் பெட்டியில் 'ஸ்கஸி டிவைஸ் நேம்' டூல்டைப்பை (ஐகானில் எழுதிவைக்கும் அமைப்பு) எமுலேட்டரின் இயக்கியான யூஏஈஎச்எஃப்.டிவைஸ் என்று மாற்றிச் சேமியுங்கள், டிரைவ் வந்துவிடும். இதே ஃபைலைப் பிறகு சிஎஃப் (காம்பேக்ட்ஃபிளாஷ்) கார்டில் எழுதி நிஜ ஏ1200-இல் போடும் எண்ணம் இருந்தால், பார்ட்டிஷன் அமைப்பில் மேக்ஸ்டிரான்ஸ்ஃபர் (ஒரே தடவையில் மாற்றும் தரவின் உச்ச அளவு) மதிப்பை 0எக்ஸ்1எஃப்இ00 என்று குறைத்து வையுங்கள். எமுலேட்டரில் எது கொடுத்தாலும் ஓடும், நிஜ ஐடிஇ-யில் பெரிய ஃபைல்கள் சத்தமில்லாமல் கெடும்.

4 ஜிபி எல்லை இதைவிட ஆபத்து. 3.1-இன் ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் டிஸ்கின் இடத்தை 32 பிட் எண்ணில்தான் கணக்கிடும். 8 ஜிபி எச்டிஎஃப் கொடுத்தால் மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். 4 ஜிபியைத் தாண்டி எழுதும் நாளில் கணக்கு சுழன்று பூஜ்யத்துக்கு வந்து, டிஸ்கின் தொடக்கத்தின் மேலேயே எழுதிவிடும். பார்ட்டிஷன் அட்டவணையும் பூட் பகுதியும் போய்விடும். 3.1-இலேயே இருப்பதானால் மொத்த அளவை 4 ஜிபிக்குள் வையுங்கள். பெரிது வேண்டுமென்றால் 3.9 அல்லது 3.1.4-க்கு மாறுங்கள், இல்லையேல் பிஎஃப்எஸ்3 ஃபைல் சிஸ்டம் போடுங்கள்.

3.9 சிடியில் வந்தது. 68020 செயலியோ அதற்கு மேலோ வேண்டும். வின்யூஏஈ-யில் 68040, 64 எம்பி ஸோரோ 3 (அமிகாவின் 32 பிட் விரிவாக்க இணைப்பு) ரேம் வைத்தால் நிம்மதியாக ஓடும். ஸோரோ 3 ரேம் 24 பிட் முகவரியில் தெரியாது, எனவே வெறும் 68020-ஐ வைத்துவிட்டு ரேம் எங்கே போனது என்று தேடாதீர்கள். ஏ1200-இன் 3.1 ரோமில் சிடி ஃபைல் சிஸ்டம் இல்லை. ஹார்ட் டிரைவ்ஸ் பக்கத்தில் சிடி தானாக மவுன்ட் ஆகும் தேர்வை டிக் செய்தால் சிடி0 என்று வந்துவிடும். முன்பு நிறுவிய 3.1-இன் மேலேயே 3.9-ஐ ஏற்றலாம். நிறுவிய பிறகு பவர் போட்டதும் ஒரு தடவை பூட் ஆகத் தொடங்கி, திடீரென ரீசெட் ஆகி, மறுபடி பூட் ஆகும். பிழை இல்லை அது. செட்பேட்ச் என்ற கட்டளை, டெவ்ஸ் கோப்புறையில் உள்ள 'அமிகாஓஎஸ் ரோம் அப்டேட்' ஃபைலை ரேமில் ஏற்றி, பழைய ரோம் பகுதிகளுக்குப் பதில் புதியவற்றை வைத்துக்கொண்டு மறுபடி தொடங்குகிறது. ரோம் வெளியிடாமலே புதுப் பதிப்பு விற்றது இந்த வழியில்தான். அடுத்து 3.9-க்கான புதுப்பிப்புத் தொகுப்பு போயிங்பேக் 1, அதன் பின் போயிங்பேக் 2. இரண்டாவதை நேராகப் போட்டால் நிறுவாது. ஒவ்வொன்றுக்கும் முன்பு எமுலேட்டரை மூடி எச்டிஎஃப் ஃபைலை நகல் எடுத்துவிடுங்கள், ஒரே ஃபைல்தானே.

3.1-இல் ஃபார்மட் செய்த பிளாப்பியை 1.3-இல் போட்டால் அது டாஸ் டிஸ்கே இல்லை என்று சொல்லும். 1.3-க்கு பிளாப்பியில் ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் தெரியாது. இரண்டுக்கும் இடையே ஃபைல் பரிமாற வேண்டுமென்றால் ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம், இன்டர்நேஷனல் மோட் இரண்டின் டிக்கையும் எடுத்துவிட்டு ஃபார்மட் செய்யுங்கள். 512 பைட் பிளாக்கில் 488 பைட் மட்டுமே தரவுக்குக் கிடைக்கும், பரவாயில்லை.

ஹார்ட் டிஸ்கிலிருந்து பழைய கேம்களை ஓட்ட டபிள்யூஎச்டிலோட் (WHDLoad) என்ற மென்பொருளைப் போடுபவர்கள், 3.1-க்குள்ளேயே 1.3 ரோமையும் வைத்திருக்க வேண்டும். டெவ்ஸுக்குள் கிக்ஸ்டார்ட்ஸ் என்ற கோப்புறை, அதில் கிக்34005.ஏ500 என்ற பெயரில் 1.3 ரோம், அதே பெயரில் ஆர்டிபி என முடியும் துணை ஃபைல். பூட்டிய ரோமை அப்படியே போட்டாலும் போதும், ரோம்.கீ-யையும் அதே கோப்புறையில் நகலெடுங்கள்.