ஆம்ப்பின் மூடியைத் திறப்பதற்கு முன்

காரில் ஆம்ப்ளிஃபையர் பாடவில்லை என்றதும் முதல் வேலையாக ஸ்க்ரூ டிரைவரைத் தேடாதீர்கள். மல்டிமீட்டரை எடுங்கள். வெளியே தெரியும் பிளஸ், கிரவுண்ட் (மைனஸ்), ரிமோட் (ஸ்டீரியோ ஆன் ஆனதும் ஆம்ப்பையும் ஆன் செய்யும் வயர்) மூன்றையும் அளந்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

மீட்டரின் கருப்பு முனை ஆம்ப்பின் கிரவுண்ட் ஸ்க்ரூவிலேயே இருக்கட்டும். கார் பாடியில் வைத்தால் கிரவுண்ட் வயரின் கோளாறு கண்ணில் படாமல் போய்விடும். பிளஸ்ஸில், எஞ்சின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையிலும் காட்ட வேண்டும். எதுவுமே இல்லையென்றால் பேட்டரி பக்கத்து ஃப்யூஸைப் பாருங்கள். பார்வைக்கு முழுசாக இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். அதன் இரண்டு பக்கத்திலும் வோல்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும்.

ஸ்டீரியோவை ஆன் செய்ததும் ரிமோட்டிலும் ஏறக்குறைய 12 வோல்ட் வரணும். வராவிட்டால், பிளஸ்ஸிலிருந்து ஒரு துண்டு வயரால் ரிமோட்டைத் தொடுங்கள். ஆம்ப் ஆன் ஆகிவிட்டால், பழுது ரிமோட் வயரிலோ ஸ்டீரியோவிலோதான்.

இனி வருவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வயரில் ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.6 காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு சொற்பம். பேஸ் அதிகமுள்ள பாட்டைச் சத்தமாகப் போட்டுவிட்டு, பேட்டரி மைனஸுக்கும் ஆம்ப்பின் கிரவுண்ட் ஸ்க்ரூவுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் கிரவுண்ட் சரியில்லை. பேட்டரி பிளஸ்ஸுக்கும் ஆம்ப்பின் பிளஸ்ஸுக்கும் நடுவே 0.5 வரை பொறுக்கலாம். இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தாலே போதும், 50 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். ஓம் ரேஞ்சில் வைத்து இதைப் பிடிக்க முடியாது. சாதாரண மீட்டரில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 என்று காட்டும்.

சரிசெய்ய, போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, வெள்ளையாக இரும்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும். ரிங் டெர்மினலைப் பல் வாஷரோடு இறுக்கிவிட்டு, துருப்பிடிக்காமல் மேலே கொஞ்சம் கிரீஸ். கிரவுண்ட் வயர் பிளஸ் வயரின் தடிமனில், 45 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. சீட் பெல்ட் போல்ட் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும், ஆனால் கிரவுண்டுக்காக அதைத் தொடக்கூடாது.

புரொடெக்ட் லைட் (கோளாறைக் கண்டு ஆம்ப் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது என்று காட்டும் விளக்கு) எரிகிறதா? ஆஃப் செய்து, ஸ்பீக்கர் வயர்களையும் ஆர்சிஏ கேபிளையும் (ஸ்டீரியோவிலிருந்து பாட்டுச் சிக்னலைக் கொண்டுவருவது) கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். லைட் போய்விட்டால் தவறு வெளியே. ஒவ்வொன்றாக மாட்டி, எதில் திரும்ப எரிகிறது என்று பிடிக்கலாம். கழற்றிய ஸ்பீக்கர் வயருக்கும் பாடிக்கும் இடையே தொடர்பே இருக்கக்கூடாது. 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.6 வரை காட்டினால் நல்லதுதான். இரண்டு 4 ஓம் சப்வூஃபரை பேரலலாக்கி, பிரிட்ஜில் (ஆம்ப்பின் இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து) போட்டால், ஒவ்வொரு சேனலுக்கும் 1 ஓம் சுமை விழும். அதைத் தாங்காத ஆம்ப் புரொடெக்ட்டுக்குப் போவதில் அதிசயமில்லை.

எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் லைட் எரிந்தாலோ, மாட்டிய உடனே ஃப்யூஸ் போனாலோதான் மூடியைத் திறக்க வேண்டும். ஃப்யூஸைத் தொடர்ந்து பலி கொடுப்பதைவிட, 12 வோல்ட் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றை பிளஸ் வயரில் சீரிஸில் போடுவது புத்திசாலித்தனம். ரிமோட் கொடுக்காமலேயே பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால், பெரும்பாலும் பவர் சப்ளை மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் போல வேலை செய்யும் ஒருவகை டிரான்சிஸ்டர்) ஷார்ட். கண் சிமிட்டி அணைந்துவிட்டு, ரிமோட் கொடுத்ததும் பிரகாசமாக எரிந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர்களைச் சந்தேகியுங்கள். ஒரு மாஸ்ஃபெட் போயிருந்தாலும் அந்த வரிசை முழுவதையும் மாற்றி, அவற்றின் கேட் முனையில் இருக்கும் ரெசிஸ்டர்களையும் அளந்துவிடுங்கள். டிரான்சிஸ்டருக்கும் ஹீட்சிங்குக்கும் (சூட்டை இழுக்கும் உலோகம்) நடுவே இருந்த, மின்சாரம் கடத்தாத மைக்கா தாள் திரும்ப உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே பல்பை எடுக்கலாம்.