துரத்தாமல் நெருங்குவது

ஆவியாகும் பொருட்களை முகரும் பழக்கம் சிறுவர்களிடையே தலைகாட்டியதும் முதலில் எழும் கேள்வி, எந்தச் சட்டத்தின் கீழ் பிடிப்பது என்பதாகவே இருக்கிறது. பசையும் பெட்ரோலும் தின்னரும் அன்றாடத் தேவைக்காக விற்கப்படுபவை என்பதால் அதற்கு நேரான விடை அரிதாகவே கிடைக்கும்; காவலர், செவிலியர், பள்ளி எனப் பல தரப்பையும் ஒன்றுசேர்க்கும் என் போன்ற ஒருங்கிணைப்பாளரின் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எங்கள் கூட்டங்களில் நான் அதிகம் வாதாடியது ஒரே செய்திக்காக: முகர்ந்த நிலையில் இருக்கும் சிறுவனைத் துரத்தக் கூடாது. பசையிலும் தின்னரிலும் உள்ள டோலுயீன், லைட்டர் வாயுவான பியூட்டேன் போன்றவை, அச்சத்தில் உடல் சுரக்கும் அட்ரினலினுக்கு இதயம் அளவுமீறி எதிர்வினை காட்டும்படி செய்துவிடுகின்றன. அந்த நேரத்தில் திடீர் அச்சமோ ஓட்டமோ சேர்ந்தால் இதயத்துடிப்பு ஒழுங்கு குலைந்து, முதன்முறை முகர்ந்தவர்கூட இறந்துபோகலாம். அமெரிக்க மருத்துவர் மில்லர்ட் பாஸ் இவ்வகையான 110 மரணங்களைத் தொகுத்து 1970இலேயே எழுதியிருக்கிறார். செவிலியர்கள் இதை உடனே ஏற்றார்கள். காவலர்களோ, ஓடவிட்டால் பழி தங்கள்மேல்தானே விழும் என்றார்கள். அது நியாயமான ஆட்சேபம். ஆகவே துரத்தாதிருப்பது அலட்சியமாகாது என்பதையும், தாழ்ந்த குரலில் பேசி, காற்றோட்டமான இடத்தில் அமரவைத்து, தெளியும்வரை உடனிருப்பதே கடமை என்பதையும், நினைவிழந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பதையும் எல்லாத் தரப்பும் கையெழுத்திட்ட நடைமுறையாக எழுதிவைத்தோம்.

பள்ளிகள் எச்சரிக்கைச் சுவரொட்டி கேட்டன. எவற்றை முகரக் கூடாது என்று பட்டியலிடுவது, அதுவரை அறியாத பிள்ளைக்கு வழிகாட்டுவதாகவே முடியும் என்று மறுத்தேன். சில ஆசிரியர்களுக்கு இன்றும் என்மேல் வருத்தம் உண்டு.

பொருளையே மாற்றுவது பலன் தரும் என்பதற்கு ஆஸ்திரேலியா சான்று. போதையூட்டும் அரோமாட்டிக் சேர்மங்கள் மிகக் குறைந்த ஓபல் பெட்ரோல் அங்கே 2005இல் அறிமுகமானது. அதை விற்கும் பகுதிகளில் முகர்வோர் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. ஆனால் சில பங்க்குகள் மாற மறுத்ததால் 2013இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. எரிபொருளை மாற்ற இயலாத எங்களைப் போன்றோருக்கு, மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு ஈடுபாடுள்ள வேலை ஏதாவது கிடைக்கச் செய்வதே மிஞ்சிய வழி.

இப்பழக்கம் அலையலையாக வந்து தணிவது. தணிந்த மாதங்களில் கூட்டத்துக்கு ஆள் குறையும், நிதியும் வேறு பக்கம் போகும். அதனால் ஒவ்வோர் அலுவலகமும் பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் குறித்து வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் மாற்றலாகும்போது, பொறுப்பு ஒப்படைக்கும் கோப்பில் அந்த நடைமுறைத் தாளும் முதல் பக்கமாகச் சேர்கிறது.